சர்வரில் விஎம்களுக்குப் பெயர் வைப்பதும் பராமரிப்பதும்: புரோக்ஸ்மாக்ஸில் முழுமையான வழிகாட்டி

ஒரு சர்வரைப் பொறுப்பேற்றால் முதலில் திரையின் இடது பக்கத்தில் இருக்கும் விஎம் பட்டியலைத்தான் பார்ப்பேன். விஎம் என்றால் விர்ச்சுவல் மெஷின், ஒரு சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடுவது. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தில் என் கைக்கு வந்த பட்டியல் இப்படி இருந்தது: 100 டெஸ்ட், 101 டெஸ்ட்2, 102 உபுண்டு, 103 காப்பி-ஆஃப்-விஎம்-உபுண்டு, 104 நியூ-சர்வர்-ஃபைனல். இதில் அலுவலகத்தின் கணக்கு மென்பொருள் எதில் ஓடுகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் 104 என்று நினைத்தேன். 103-இல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சோதனைக்காக க்ளோன் (விஎம்மின் நகல்) எடுத்து, அது நன்றாக வேலை செய்யவே அப்படியே விட்டுவிட்டார்கள். இடம் பற்றவில்லை என்று நான் அழிக்க நினைத்த முதல் விஎம் அதுதான். அழிக்கும் முன் ஒருமுறை கன்சோலைத் திறந்து பார்த்ததால் தப்பித்தோம்.

அன்றிலிருந்து பெயர் வைப்பதை நான் அலங்கார வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. விஎம்மை உருவாக்கியவருக்குப் பெயரே தேவையில்லை, அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். இரவு இரண்டு மணிக்கு போன் அடித்து எழுப்பப்படும் இன்னொருவருக்காகத்தான் பெயர். கீழே வரும் எல்லாப் படிகளும் அவரை மனதில் வைத்து எழுதியவை.

விஎம்களை ஓட்டவும் நிர்வகிக்கவும் உதவும் மென்பொருளான புரோக்ஸ்மாக்ஸ் விஇ-யை வைத்தே சொல்கிறேன். டெபியன் லினக்ஸ் மீது ஓடுவது, விஎம்களை ஓட்டும் வேலையை உள்ளே கேவிஎம், க்யூஎமு செய்கின்றன, எல்லா வேலையையும் பிரவுசரில் 8006 போர்ட் வழியாகவே செய்யலாம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெயர், எண், ஓய்வு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: முதலில் சர்வருக்கே ஒரு பெயர்

இன்ஸ்டால் செய்யும்போது ஹோஸ்ட்நேம், அதாவது நெட்வொர்க்கில் கணினியின் பெயர், கேட்கும். அவசரத்தில் அங்கே எதையோ தட்டிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புரோக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு விஎம்மின் கட்டமைப்புக் கோப்பையும் சர்வரின் பெயரிலேயே ஒரு கோப்புறை வைத்து அதற்குள்தான் சேமிக்கிறது. விஎம்கள் வந்த பிறகு சர்வரின் பெயரை மாற்றினால் அந்தக் கோப்புகளை நாமே இடம் மாற்ற வேண்டிவரும். காலியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலை இது.

சர்வருக்கு பிவிஇ-01 மாதிரி எளிய பெயர் போதும். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வைப்பவர்களும் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் திணை ஐந்தோடு முடிந்துவிடும், ஆறாவது சர்வர் வரும்போது கை பிசைய வேண்டியதுதான். இரண்டு மூன்று சர்வர்தான் எப்போதும் என்றால் தாராளமாக வையுங்கள். விஎம்களுக்கு மட்டும் வேண்டாம். 'நெய்தல்' படுத்துவிட்டது என்று ஒருவர் போனில் சொன்னால் எது நின்றுபோனது என்று கேட்பவருக்குப் புரியாது.

டொமைன் பெயரும் இதே திரையில் வரும். டாட் லோக்கல் என்று முடிக்காதீர்கள். அது எம்டிஎன்எஸ்-க்கு (உள் நெட்வொர்க்கில் கணினிகளே ஒன்றையொன்று கேட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கும் முறை) ஒதுக்கப்பட்டது, பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சாதாரண டிஎன்எஸ்-உடன் மோதி, சில கணினிகளில் பெயர் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது என்று பாடாய்ப் படுத்தும். சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழே ஒரு கிளை எடுங்கள். இல்லையென்றால் 2018-இல் வீட்டு நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கிய ஹோம் டாட் ஆர்பா இருக்கிறது, 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய டாட் இன்டர்னல் இருக்கிறது.

படி 2: விஎம் பெயரின் வடிவம்

எழுத்து, எண், சிறுகோடு, இவை மட்டுமே. அடிக்கோடு கூடாது. பெயர் சிறுகோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. டிஎன்எஸ் விதிப்படி ஒரு பெயர்ப் பகுதிக்கு 63 எழுத்து வரை இடமுண்டு, ஆனால் விண்டோஸ் விஎம் ஏதாவது வருமென்றால் 15 எழுத்துக்குள் நிறுத்துங்கள். விண்டோஸ் நெட்வொர்க்கின் பழைய பெயர் முறையான நெட்பயாஸின் எல்லை அது, நீளமான பெயரை விண்டோஸ் 15-இல் வெட்டிவிடும். 'அக்கவுன்ட்ஸ்-சர்வர்-01' என்றும் 'அக்கவுன்ட்ஸ்-சர்வர்-02' என்றும் நீங்கள் வைத்திருந்தால், ஆங்கிலத்தில் இரண்டும் பதினைந்தாம் எழுத்து வரை ஒன்றேதான். வெட்டிய பின் இரண்டுக்கும் ஒரே பெயர்.

வடிவம் இதுதான்: சூழல், பணி, எண். உதாரணமாக லைவ்-டிபி-01, லைவ்-வெப்-01, டெஸ்ட்-வெப்-01. லைவ் என்றால் உண்மையான பயன்பாட்டில் இருப்பது, டெஸ்ட் என்றால் சோதனைக்கு, டிபி என்றால் டேட்டாபேஸ்.

சூழலை முன்னால் வைப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிபி-01-லைவ், டிபி-01-டெஸ்ட் என்று இருந்தால் கண் முதல் சில எழுத்துகளைப் படித்ததுமே கை அழுத்திவிடும். இரவில், தூக்கக் கலக்கத்தில், பெயரின் வால் வரை யாரும் படிப்பதில்லை. எது தவறினால் பெரிய சேதமோ அது பெயரின் தலையில் இருக்க வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் எண்ணை 01 என்று இரண்டு இலக்கமாக எழுதுகிறோம். டிபி1-ம் டிபி11-ம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எந்தக் கண்ணும் ஏமாறும்.

பெயரில் என்ன சேர்க்கக் கூடாது என்பது இன்னும் முக்கியம். உபுண்டு-22 என்று வைத்தால் அடுத்த அப்கிரேடில் அந்தப் பெயர் பொய்யாகிவிடும். ஐபி முகவரியைச் சேர்த்தால் நெட்வொர்க் மாறும் நாளில் பொய். எந்த சர்வரில் இருக்கிறது என்று சேர்த்தால், விஎம்மை இன்னொரு சர்வருக்கு நகர்த்திய நிமிடமே பொய். ஆளின் பெயரை வைத்தால் அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அவர் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் ரீபூட் செய்வார்கள். மாறக்கூடியது எதுவும் பெயரில் வேண்டாம். நியூ, ஃபைனல், டெம்ப் ஆகியவற்றுக்கும் இதுதான் விதி. நானறிந்த டெம்ப் எல்லாம் வருடக்கணக்கில் ஓடியிருக்கின்றன.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1990 ஆகஸ்டில் டான் லைப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178 என்ற இணைய ஆவணம் கணினிக்குப் பெயர் வைப்பதைப் பற்றியே பேசுகிறது. சொந்தப் பெயரை வைக்காதே, ஒரு புராஜெக்டின் பெயரைக் கணினிக்கு வைக்காதே என்று அப்போதே சொல்லிவிட்டார். ஒன்றில் மட்டும் நான் அவரோடு சேரவில்லை: ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பெயர்களை வைக்கச் சொல்கிறார். ஒரு மேசை மீது ஒரு கணினி வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த காலத்துக்கு அது சரி. ஐந்து நிமிடத்தில் ஒன்று பிறந்து அடுத்த மாதம் போய்விடும் விஎம்முக்குப் பணியின் பெயர்தான் நல்லது.

படி 3: எண்தான் உண்மையான அடையாளம்

புரோக்ஸ்மாக்ஸில் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு விஎம்களுக்கு ஒரே பெயர் வைத்தாலும் தடுக்காது. எண் அப்படியில்லை. 100-இல் தொடங்கும் அந்த விஎம்ஐடி-தான் கட்டமைப்புக் கோப்பின் பெயர், டிஸ்கின் பெயரில் வருவது, பேக்கப் கோப்பின் பெயரில் வருவது. உருவாக்கிய பிறகு எண்ணை மாற்றப் பொத்தான் கிடையாது. பேக்கப் எடுத்து வேறு எண்ணில் மீட்டெடுக்க வேண்டும், அல்லது முழு க்ளோன் எடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். ஆகவே எண்களைத் தொடக்கத்திலேயே பகுதி பிரித்துக்கொள்ளுங்கள்.

சிறிய அலுவலகத்துக்கு நான் பிரிப்பது இப்படி. 100 முதல் 119 வரை டிஎன்எஸ், கண்காணிப்பு மாதிரி அடிப்படைச் சேவைகள். 120 முதல் 179 வரை லைவ். 180 முதல் 229 வரை டெஸ்ட். 900-க்கு மேல் டெம்ப்ளேட்கள் (புதிய விஎம்களை நகலெடுக்க வைத்திருக்கும் அச்சுகள்). 229-இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு: ஐபி முகவரியின் கடைசிப் பகுதியும் விஎம் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வைக்கிறேன். 124-ஆம் எண் விஎம் என்றால் அதன் முகவரி 192.168.10.124. டெம்ப்ளேட்கள் ஓடுவதில்லை, அவற்றுக்கு முகவரி தேவையில்லை, எனவே 900 பரவாயில்லை. பணியைப் பெயர் சொல்கிறது, முகவரியை எண் சொல்கிறது. பின்னாளில் முகவரி மாறினாலும் பெயர் கெடாது.

இப்போது பலர் விழும் குழி ஒன்று. விஎம்மை அழித்துவிட்டால் அந்த எண் காலியாகிவிடும். அடுத்த புதிய விஎம் உருவாக்கும்போது காலியாக உள்ள மிகச்சிறிய எண்ணை மென்பொருளே நிரப்பிக் கொடுக்கும், நீங்களும் சரி என்று அழுத்திவிடுவீர்கள். பேக்கப்பைச் சுத்தம் செய்யும் விதியோ எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பழைய 124-இன் மூன்று பேக்கப்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கிடக்கின்றன என்று வையுங்கள். புதிய 124 வருகிறது, தினமும் பேக்கப், கடைசி ஏழை மட்டும் வைத்துக்கொள் என்பது விதி. ஐந்தாம் இரவில் பழையவற்றில் முதலாவது போகும். ஏழாம் இரவோடு மூன்றும் போய்விடும். எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை அது சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

எனவே ஒருமுறை பயன்படுத்திய எண்ணை மறுபடி எடுக்காதீர்கள். டேட்டாசென்டர் பகுதியில் ஆப்ஷன்ஸ் உள்ளே அடுத்த காலி எண்ணுக்கான எல்லையைக் குறிக்க இடமிருக்கிறது, அதை உயர்த்திக்கொண்டே போகலாம். ஒரு சிறிய பதிவேடும் வையுங்கள்: எண், பெயர், பிறந்த தேதி, போன தேதி. விரிதாள் போதும், நோட்டுப்புத்தகமும் போதும். அந்த சர்வருக்குள்ளேயே மட்டும் வைக்காதீர்கள். வைத்திருக்க வேண்டிய பழைய பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து 'பாதுகாக்கப்பட்டது' என்று குறிக்கவும் வசதி உண்டு, அப்படிக் குறித்ததைச் சுத்தம் செய்யும் விதி தொடாது.

படி 4: மூன்று இடத்திலும் ஒரே பெயர்

ஒரு விஎம்முக்கு மூன்று பெயர்கள் உண்டு: புரோக்ஸ்மாக்ஸ் பட்டியலில் தெரிவது, உள்ளே இருக்கும் இயங்குதளத்தின் ஹோஸ்ட்நேம், டிஎன்எஸ் பதிவில் உள்ளது. ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறா. பட்டியலில் டெஸ்ட்-வெப்-01, டெர்மினலில் லைவ்-வெப்-01 என்று நின்றால் எதை நம்புவது?

பட்டியல் பெயரை விஎம்மைத் தேர்ந்தெடுத்து ஆப்ஷன்ஸ் உள்ளே மாற்றலாம், விஎம்மை நிறுத்தத் தேவையில்லை. லினக்ஸ் உள்ளே ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் செட்-ஹோஸ்ட்நேம் கொடுத்துப் புதிய பெயரைத் தட்டுங்கள். அத்தோடு ஈடிசி-க்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலும் பெயரை மாற்றுங்கள். இதை மறந்தால் ஒவ்வொரு முறை சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) போடும்போதும் ஹோஸ்டின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முனகும். முதல் பூட்டில் விஎம்மைத் தானாக அமைக்கும் கிளவுட்-இனிட் பயன்படுத்தினால் புரோக்ஸ்மாக்ஸில் வைத்த பெயரே உள்ளே ஹோஸ்ட்நேமாக இறங்கிவிடும், முதல் முறை இந்த வேலை மிச்சம்.

ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் சர்வர் என்றால் வரிசை முக்கியம். முதல் நாள் பட்டியல் பெயர்களை மட்டும் சரிசெய்யுங்கள், அதனால் எதுவும் உடையாது. உள் ஹோஸ்ட்நேமை மாற்றுவது வேறு கதை. சில மென்பொருள்களின் உரிமம் அதோடு கட்டப்பட்டிருக்கும், கிளஸ்டராக ஓடும் டேட்டாபேஸ்கள் அந்தப் பெயரால் ஒன்றையொன்று கூப்பிடும். ஒவ்வொன்றாக, ஒரு விடுமுறை நாளில், பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 5: குறிப்பும் டேகும்

பெயரில் அடங்காததையெல்லாம் நோட்ஸ் பெட்டியில் எழுதுங்கள். நான் நான்கு வரி எழுதுவேன். லைவ்-டிபி-01-க்கு என் குறிப்பு:

'கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ். இது நின்றால் பில் போட முடியாது. நிறுத்தும் முன் கணக்குப் பிரிவில் சொல்லவும், மாதக் கடைசி இரண்டு நாள் தொடவே கூடாது. லைவ்-வெப்-01-க்கு முன் இது எழ வேண்டும்.'

இரண்டாம் வரிதான் இதன் உயிர். என்ன ஓடுகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். நின்றால் யாருக்கு வலிக்கும் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

டேக்குகள் குறைவாக இருக்கட்டும். லைவ், டெஸ்ட், ஓய்வு மூன்றும் போதும். டேகின் நிறத்தை டேட்டாசென்டர் ஆப்ஷன்ஸில் மாற்றலாம், லைவுக்குச் சிவப்பு கொடுங்கள்.

படி 6: டெம்ப்ளேட்டும் க்ளோனும்

ஒவ்வொரு முறையும் இன்ஸ்டால் செய்யாமல் ஒரு சுத்தமான விஎம்மைத் தயாரித்து, அதை டெம்ப்ளேட்டாக மாற்றி, அதிலிருந்து க்ளோன் எடுப்பதுதான் வழக்கம். க்ளோன் எடுக்கும்போதே பெயர்ப் பெட்டியை நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் காப்பி-ஆஃப் என்று தொடங்கும் பெயர் வந்துவிடும், 103-இன் கதை அப்படித்தான் தொடங்கியது.

டெம்ப்ளேட் ஆக்கும் முன் இரண்டைத் துடைக்க வேண்டும். ஒன்று, ஈடிசி-க்குள் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பு. அதை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்குங்கள், அடுத்த பூட்டில் புதிய அடையாளம் தானாக எழுதப்படும். இதைச் செய்யாவிட்டால் வரும் சிக்கல் வினோதமானது. க்ளோனுக்குப் புரோக்ஸ்மாக்ஸ் புதிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாளம்) கொடுத்துவிடும், ஆனாலும் இரண்டு உபுண்டு க்ளோன்கள் ஒரே ஐபி-யை வாங்கிக்கொண்டு மாறி மாறிச் செத்துப் பிழைக்கும். உபுண்டு சர்வரின் நெட்வொர்க் சேவை, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யிடம் தன்னை மேக் முகவரியால் சொல்லாமல் மெஷின்-ஐடியிலிருந்து உருவான அடையாளத்தால் சொல்வதே காரணம். மேக் வேறு வேறாக இருக்கிறதே என்று பார்த்துப் பார்த்து நான் ஒரு மாலை முழுக்க ஸ்விட்சைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

இரண்டு, எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள், அதாவது தொலைவிலிருந்து உள்நுழைபவரிடம் விஎம் தன்னை அடையாளம் காட்டுபவை. எல்லா க்ளோன்களுக்கும் ஒரே சாவி இருந்தால் ஒன்றை இன்னொன்று என்று நம்பவைக்க முடியும், பாதுகாப்பே போச்சு. சாவிகளை அழித்துவிடுங்கள், கிளவுட்-இனிட் இருந்தால் முதல் பூட்டில் புதிதாக உருவாக்கும்.

இணைக்கப்பட்ட க்ளோன் வேகமாக உருவாகும், இடமும் மிச்சம், ஆனால் டெம்ப்ளேட்டைச் சார்ந்தே உயிர்வாழும். டெஸ்டுக்கு அது போதும். லைவுக்கு முழு க்ளோன்.

படி 7: அன்றாட ஓட்டம்

சர்வரோடு விஎம் பேச உதவும் க்யூஎமு கெஸ்ட் ஏஜென்டை உள்ளே நிறுவி, ஆப்ஷன்ஸிலும் இயக்குங்கள். அப்புறம் விஎம்மை முழுமையாக அணைத்து மறுபடி ஏற்றுங்கள், உள்ளிருந்து ரீபூட் செய்தால் இந்த மாற்றம் ஏறாது. ஏஜென்ட் இருந்தால்தான் ஐபி முகவரி திரையில் தெரியும், பேக்கப்பின்போது கோப்பு முறைமை ஒரு கணம் ஒழுங்காக நிறுத்திவைக்கப்படும். ஷட்டவுனுக்கும் ஸ்டாப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஸ்டாப் என்பது பவர் ஒயரைப் பிடுங்குவது.

மின்சாரம் போய் வந்தால் எது முதலில் எழ வேண்டும் என்பதை ஸ்டார்ட் ஆர்டரில் குறியுங்கள். டிஎன்எஸ் 1, டேட்டாபேஸ் 2, வெப் 3. இடையில் 30 விநாடி தாமதம் கொடுத்தால் பெரும்பாலும் போதும். லைவ் விஎம்கள் அனைத்திலும் புரொடெக்ஷனை இயக்குங்கள், அதை எடுக்காமல் யாராலும் விஎம்மையோ அதன் டிஸ்கையோ அழிக்க முடியாது.

டிஸ்க் இடத்தில் ஒரு எச்சரிக்கை. எல்விஎம்-தின் சேமிப்பில் 500 ஜிபி இடத்தில் 200 ஜிபி டிஸ்க் ஐந்தைக்கூட உருவாக்க முடியும், எழுதும் அளவுக்குத்தான் இடம் எடுக்கும். ஐந்தும் வளர்ந்து குளம் (எல்லா டிஸ்குக்கும் பொதுவான அந்த இடம்) நிரம்பிவிட்டால் குற்றவாளி ஒருவனாக இருந்தாலும் தண்டனை எல்லோருக்கும்: எல்லா விஎம்களும் எழுத முடியாமல் பிழை காட்டும். டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை இயக்கி, உள்ளே வாரம் ஒருமுறை எஃப்எஸ்ட்ரிம் ஓடவிடுங்கள், அழித்த கோப்புகளின் இடம் குளத்துக்குத் திரும்பும். குளம் 80 சதவீதத்தைத் தாண்டினால் அன்றே ஏதாவது செய்யுங்கள்.

படி 8: ஸ்னாப்ஷாட், பேக்கப்

ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நேரத்து நிலையின் பதிவு, அது அதே டிஸ்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். அப்டேட் போடும் முன் எடுத்து, இரண்டு நாள் பார்த்து, அழித்துவிடுவதற்கானது அது. பெயரில் காரணமும் தேதியும் வரட்டும், ஸ்னாப்ஷாட் பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால் காரணம் முதலில்: அப்டேட்-0312 போல.

பேக்கப் வேறு இடத்துக்குப் போக வேண்டும், வேறு கணினி, முடிந்தால் வேறு கட்டடம். பேக்கப் வேலையின் குறிப்பு வார்ப்புருவில் விஎம்மின் பெயரைச் சேர்க்கும் மாறி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து வெறும் 124 என்ற எண்ணைப் பார்த்து யாராலும் எதையும் சொல்ல முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டெடுத்துப் பாருங்கள். டெஸ்ட் பகுதியில் புதிய எண் கொடுங்கள், மேக் போன்ற தனி அடையாளங்களைப் புதிதாக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், தானாக எழும்ப விடாதீர்கள். ஏற்றும் முன் நெட்வொர்க் கார்டில் துண்டிப்பைக் குறித்துவிடுங்கள். மீட்டெடுத்த டேட்டாபேஸ் அசல் முகவரியோடு எழுந்து லைவோடு சண்டைக்குப் போகக் கூடாது.

படி 9: ஓய்வு கொடுப்பது

விஎம்மை நேராக அழிக்காதீர்கள். முதலில் ஷட்டவுன். பூட்டில் தானாக எழுவதை அணையுங்கள். பெயரின் முன் ஓய்வு என்றும் தேதியும் சேருங்கள், டேகை மாற்றுங்கள். பிறகு குறைந்தது 40 நாள் காத்திருங்கள். முப்பது என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு: மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் சம்பளப் பட்டியல், வரிக் கணக்கு என்று எங்காவது ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடி யாராவது வருவதற்கு ஒரு முழு மாதமும் கொஞ்சம் மிச்சமும் வேண்டும்.

யாரும் தேடவில்லை என்றால் கடைசியாக ஒரு பேக்கப் எடுத்துப் பாதுகாக்கப்பட்டதாகக் குறியுங்கள். புரொடெக்ஷனை எடுத்துவிட்டு ரிமூவ் அழுத்தினால் விஎம்மின் எண்ணைத் தட்டச் சொல்லும். திரையில் உள்ளதைப் பார்த்துத் தட்டாமல் பதிவேட்டைத் திறந்து அங்கிருந்து பார்த்துத் தட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பொத்தான். அதே பெட்டியில் பேக்கப் போன்ற வேலைப் பட்டியல்களிலிருந்தும் நீக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், டிஎன்எஸ் பதிவையும் எடுங்கள், பதிவேட்டில் போன தேதியை எழுதுங்கள். அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போடுங்கள், இனி அது யாருக்கும் கிடையாது.